பதினாறு மாத முற்றுகை

சிவ்ரி, மசகான், மாகிம், சயான் என நாள்தோறும் நம்மவர் நாவில் வழங்கும் ஊர்கள், 1689-ஆம் ஆண்டில் போர் முனைகளாக இருந்தன. சயான் என்பதற்கே எல்லை என்றுதான் பொருள். 'சீவ்' என்னும் மராத்திச் சொல் ஐரோப்பியர் வாயில் அவ்வாறு திரிந்தது.

பம்பாய்த் தீவை 1668-இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குப் பெற்றிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, இருபதாண்டுகளுக்குள் மொகலாயப் பேரரசையே பகைத்துக்கொண்டது. கவர்னர் சர் ஜான் சைல்டு மொகலாயர் கப்பல்களைக் கைப்பற்றினார். அவற்றுள் ஜஞ்சிராத் தலைவர் சித்தி யாகூத் கானின் படைக்குத் தானியம் கொண்டு சென்றவையும் இருந்தன. சித்திகள் ஆப்பிரிக்க மரபினர். ஔரங்கசீபின் கடற்படைத் துணைவர். பிறர் சோற்றில் கைவைத்த வீரத்தை என்னென்பது!

1689 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில் யாகூத் கான் சிவ்ரியில் கரையிறங்கினார். படை இருபதினாயிரம் என்பர். மசகான் கோட்டைக் காவலர் பணப்பெட்டிகளையும் பீரங்கிகளையும் போட்டுவிட்டு ஓடியதாக, அப்போது அங்கிருந்த அலெக்சாந்தர் ஹாமில்டன் எழுதுகிறார். மாகிமும் வீழ்ந்தது. டோங்கிரிக் குன்றில் ஏறிய பீரங்கிகள் கோட்டையை நோக்கி முழங்கின. ஆறாண்டுகளுக்கு முன் துருக்கியர் முற்றிய வியன்னாவை மீட்கப் போலந்து மன்னர் சோபியெஸ்கி பெரும்படையுடன் வந்தார். பம்பாய்க்கு அவ்வாறு வருவார் எவருமிலர். மராத்தியர் சிலரைக் கூலிக்கு அமர்த்தியும் பயனில்லை.

ஆகவே முற்றுகை மதிலடியில் முடியவில்லை. பாதுஷாவின் சமுகத்தில் முடிந்தது. கம்பெனித் தூதர் வெல்டனும் நவாரோவும் கைகள் கட்டப்பட்ட நிலையில் மன்னிப்பு வேண்டினர் என்கிறார் ஹாமில்டன். ஒன்றரை லட்சம் ரூபாய் தண்டம். சைல்டு பதவி நீங்க வேண்டும் என்பன நிபந்தனைகள். சைல்டோ 1690 பிப்ரவரியிலேயே இறந்துபோனார். ஜூனில் சித்தி வெளியேறினார்; போகும்போது மசகான் கோட்டையை அழித்துச் சென்றார்.

அதே 1690-இல் மொகலாயப் படை நம் செஞ்சியை முற்றத் தொடங்கியது. அங்கிருந்த மராத்திய மன்னர் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்தைக் கம்பெனி விலைக்கு வாங்கியதும் அவ்வாண்டுதான். பம்பாயில் தெண்டனிட்ட வணிகர், கடலூரில் மொகலாயரின் பகைவரோடு பேரம் பேசினர்! செஞ்சி 1698 வரை தாங்கியது.

வடக்கெல்லையைப் பற்றிய அச்சம் பம்பாயை விட்டு அகலவில்லை. மராத்தியர் சால்செட்டின் மீது பாய்ந்த 1737-இல், கவர்னர் ஜான் ஹார்ன் மித்தி ஆற்றங்கரையில் ஒரு காவற்கோட்டை எழுப்பினார். தாராவியில் வீடுகளுக்கிடையே நிற்கும் 'காலா கில்லா' அதுவே. ஹார்னின் பெயரும் ஆண்டும் அதன் கல்வெட்டில் உள்ளன.