விமானத்தில் ஓர் இடைவகுப்பு

பிரயாணிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து அமர்த்தும் வழக்கம் விமானத்தோடு தோன்றியதன்று. ரயிலிலும் கப்பலிலும் அது நெடுங்காலம் வேரூன்றி இருந்தது. நம் நாட்டு ரயில்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, இன்டர் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என நான்கு படிகள் இருந்தன. மூன்றாம் வகுப்பின் நெரிசலைத் தாங்க மாட்டாதவரும், இரண்டாம் வகுப்பின் கட்டணத்தைக் கொடுக்க இயலாதவரும் புகலடைந்த இடம் இன்டர் வகுப்பு. 1955-இல் பழைய முதல் வகுப்பு நீக்கப்பட்டது. இரண்டாம் வகுப்பு முதல் வகுப்பாயிற்று. இன்டர் வகுப்பு இரண்டாம் வகுப்பாயிற்று. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரும் மறைந்தது. பெயர்கள் மாறினவேயன்றி, மேலுக்கும் கீழுக்கும் நடுவே ஓர் இடம் வேண்டும் என்ற தேவை மாறவில்லை.

அத்தேவையே இன்று விமானத்தில் ‘பிரீமியம் எகானமி’ என்னும் பெயரோடு நம்மை எதிர்கொள்கிறது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்ந்துகொண்டு, நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஊருக்குப் பறந்து செல்லும் தமிழருக்கு இப்பெயர் புதிதன்று. அயல்நாட்டில் உள்ள மக்களைக் காணப் புறப்படும் பெற்றோரும் இதனை அறிவர். இவ்வகுப்பு எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்தால், அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் விளங்கும்.

தொடக்கத்தில் விமானத்தில் வகுப்புப் பிரிவுக்குப் பெரிதும் இடமில்லை. ஏறியவர் பெரும்பாலும் செல்வர். ஆதலால் பிரித்து வைக்க வேண்டிய அவசியமும் எழவில்லை. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. அதில் சென்ற பிரயாணிகள் 35 பேர். மன்னர் குலத்தவரும் அவர்களுள் இருந்தனர். சாமானியன் அன்று விமானத்தை அண்ணாந்து பார்த்தான், அவ்வளவே.

அவனையும் ஏற்றிக்கொள்ளும் முயற்சி 1952-இல் அட்லாண்டிக் மார்க்கத்தில் தொடங்கியது. அக்காலத்தில் நாடுகளுக்கிடையே செல்லும் விமானங்களின் கட்டணத்தைச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமே நிர்ணயித்து வந்தது. அச்சங்கம் அவ்வாண்டு ‘டூரிஸ்ட்’ வகுப்பை அனுமதித்தது. முதல் வகுப்பைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்த கட்டணம், ஆசனங்கள் நெருக்கமாக இருக்கும், உபசாரம் குறையும். கூட்டம் திரண்டு வந்தது. 1958-இல் அதனினும் மலிவாக ‘எகானமி’ வகுப்பு பிறந்தது. அப்போது டூரிஸ்ட் வகுப்பு நடுவில் சிக்கிக்கொண்டது. விமானத்தின் முதல் இடைவகுப்பு அதுவே எனலாம். ஆயினும் அது நிலைக்கவில்லை. கீழ் வகுப்பே போதுமென்று பலர் அதிலேயே ஏறியதால், சில ஆண்டுகளுக்குள் மறைந்தொழிந்தது.

எகானமி பிறந்த கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவ்வகுப்பினருக்குச் சூடான உணவு தரலாகாது, எளிய சாண்ட்விச் மட்டுமே தரலாம் என்பது விதி. ஐரோப்பியக் கம்பெனிகள் சில, ரொட்டித் துண்டின்மேல் இறைச்சியும் மீனும் பாலாடைக்கட்டியும் அடுக்கி, அதற்கும் சாண்ட்விச் என்றே பெயரிட்டன. பான் அமெரிக்கன் கம்பெனி சங்கத்திடம் முறையிட்டது. விசாரணை நடந்து, ஸ்காண்டிநேவியக் கம்பெனிக்கு 20,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கீழ் வகுப்பினருக்கு அளவுக்கு மேல் சுகம் கிடைத்துவிடலாகாதே என்பதுதான் அன்றைய கவலை! அந்த எகானமியில் ஓர் ஆசனத்துக்கும் அதன் முன்னுள்ள ஆசனத்துக்கும் வகுத்திருந்த அளவு 34 அங்குலம். இவ்வெண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1970-இல் ஜம்போ ஜெட் வந்தது. நிரப்ப வேண்டிய ஆசனங்கள் பெருகவே, சலுகைக் கட்டணங்களும் பெருகின. முழுக் கட்டணம் செலுத்திய வியாபாரி, பாதிக் கட்டணத்தில் வந்த உல்லாசப் பிரயாணியின் பக்கத்திலேயே அமர நேர்ந்தது. அவன் குறையைத் தீர்க்க, 1978-இல் பான் அமெரிக்கனும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் அவனுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கின. இன்றைய பிசினஸ் வகுப்பு இவ்வாறு ஓர் இடைவகுப்பாகவே பிறந்தது.

ஆனால் இடையில் பிறந்தது இடையிலேயே நிற்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு மேலேறியது. 2000-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் வகுப்பில், முற்றிலும் படுக்கையாக விரியும் ஆசனத்தை அமைத்தது. அதே ஆண்டில் அக்கம்பெனியே பிரீமியம் எகானமியையும் தொடங்கியது தற்செயலன்று. மேலிருப்பது உயர உயர, நடுவில் பள்ளம் ஆழமாயிற்று. அப்பள்ளத்தை நிரப்ப வேறொன்று வேண்டியிருந்தது. தைவான் நாட்டு ஈவா ஏரும், இங்கிலாந்தின் வர்ஜின் அட்லாண்டிக்கும் 1990களின் தொடக்கத்திலேயே இதனைக் கண்டுகொண்டிருந்தன.

மேலிருப்பது உயர்ந்தது பாதிக் காரணமே. கீழிருப்பது தாழ்ந்ததே மற்றப் பாதி. அமெரிக்கா 1978-இல் உள்நாட்டு விமானக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் செய்தது. நம் நாட்டில் 1953-இல் தேசியமயமான விமானத் தொழில், 1994-இல் தனியாருக்குச் சட்டபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2003-இல் ஏர் டெக்கான் மலிவுக் கட்டணத்தோடு பறக்கத் தொடங்கியது. கட்டணம் இறங்கியது; அதனோடு கால் வைக்கும் இடமும் குறுகியது. இன்று நம் உள்நாட்டு எகானமியில் அவ்விடைவெளி பெரும்பாலும் 28 முதல் 30 அங்குலம். 1958-இல் கடைசி வகுப்பாருக்கு இருந்த 34 அங்குலத்தை இன்று வேண்டுவோர், அதிகப் பணம் கொடுத்தே பெற வேண்டியுள்ளது.

இவ்விடத்தில் நெடும் பயணத்தையும் குறும் பயணத்தையும் பிரித்து நோக்குதல் நன்று. பல கம்பெனிகளின் போயிங் 777 விமானங்களில் எகானமி வரிசை ஒன்றில் 10 ஆசனங்கள். இடைவெளி சுமார் 31 அங்குலம். பிரீமியம் எகானமியில் வரிசைக்கு 8 ஆசனங்களே. இடைவெளி சுமார் 38 அங்குலம். கணக்கிட்டுப் பார்த்தால், ஒருவருக்குக் கிடைக்கும் தரையளவு ஒன்றரை மடங்காகிறது. ஆகவே ஒன்றரை மடங்கு கட்டணம் கேட்டால் அது இடத்துக்கு உரிய விலை. இரண்டு மடங்கைத் தாண்டினால், மிகுதி பெயருக்குக் கொடுக்கும் விலை. பதினைந்து மணி நேரம் உட்கார்ந்து செல்லும் முதியவருக்கு அந்த ஏழு அங்குலம் வெறும் ஆடம்பரமன்று.

குறும் பயணத்தின் கணக்கு வேறு. நம் உள்நாட்டில் இவ்வகுப்பைக் கொண்டுவந்தது 2015-இல் பறக்கத் தொடங்கிய விஸ்தாரா. 2024 நவம்பரில் அது ஏர் இந்தியாவுடன் இணைந்தது, வகுப்பு தொடர்கிறது. ஏர்பஸ் 320 விமானத்தில் பிரீமியம் எகானமியிலும் வரிசைக்கு ஆறு ஆசனங்களே, அகலம் கூடுவதில்லை. முழங்காலுக்குச் சில அங்குலம், உணவு, சாமான் சலுகை, முன்னதாக இறங்கும் வசதி ஆகியவையே மிகுதியாகக் கிடைப்பவை. தில்லியிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவான பயணம். உயரமானவரும் முழங்கால் நோயுள்ளவரும் அதனை நாடுவதில் பொருளுண்டு. ஏனையோர் கட்டண வேறுபாட்டைக் கண்டு முடிவு செய்வதே விவேகம்.

கீழ் வகுப்பு குறுகியதை மட்டும் சொல்லிப் பழிப்பது நியாயமாகாது. 34 அங்குல எகானமி இருந்த காலத்தில் அதில் ஏறக்கூடியவர் மிகச் சிலரே. ஊரில் தாய் கண்மூடினாள் என்ற செய்தி கேட்ட மகன், தில்லியில் ரயிலேறி இரண்டு இரவுகளைக் கழித்து வந்து, ஆறிய சாம்பலையே கண்ட காலம் அது. இன்று சாதாரண ஊழியனும் அன்று மாலைக்குள் வீடு சேர்கிறான். குறுகிய ஆசனம் அவனுக்குச் செய்த உபகாரம் பெரிது.

ஆயினும் வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. இடைவகுப்பு என்பது புதிதாகச் சேர்க்கப்பட்ட சுகம் என்று எண்ணுகிறோம். உண்மையில் அதிற் பெரும்பகுதி, ஒருகாலத்தில் கடைசி வகுப்பாருக்கு உரியதாயிருந்து கழிக்கப்பட்டதே. ஆகவே இடைவகுப்பு எவ்வளவு சிறந்தது என்று வினவுவதோடு நில்லாமல், அதற்குக் கீழுள்ள வகுப்பு இன்னும் எவ்வளவு குறுகும் என்றும் வினவ வேண்டும். நம்முள் பெரும்பாலோர் பிரயாணம் செய்வது அங்கேதான்.