கரிசல் காட்டின் உடையும் அதன் மேல் விழுந்த தடைகளும்

எம்.ரெட்டியபட்டி என்னும் ஊர் அமைந்துள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் பெரிதும் வானம் பார்த்த கரிசல் பூமியாகும். பருத்தி விளையும் காடும் துணி நெய்யும் தறியும் இங்கே அருகருகே இருந்தமையால், உடையின் வரலாறு நிலத்தின் வரலாற்றோடும் சாதியின் வரலாற்றோடும் சேர்ந்தே நடந்து வந்திருக்கிறது. அருப்புக்கோட்டையில் நெசவைக் குலத்தொழிலாகக் கொண்டவர்களுள் தேவாங்கரும் சாலியரும் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்களில் தேவாங்கர், தங்கள் முன்னோரான தேவல முனிவர் திருமாலின் உந்தித் தாமரையிலிருந்து நூல் பெற்று வந்து தேவர்களுக்கு ஆடை நெய்தார் என்றும், வழிமறித்த அசுரர்களிடமிருந்து சௌடாம்பிகை அவரைக் காத்தாள் என்றும் நம்புகின்றனர்.

தைக்காத துணியே உடையாக இருந்த கரிசலில், கட்டும் முறைதான் எல்லாவற்றையும் சொன்னது. சேலையின் மடிப்புகளை இடுப்பின் பின்புறம் செருகும் பின்கொசுவக் கட்டு, குனிந்து களை எடுக்கும் பெண்ணின் கால்களைத் தடுக்காது. பருத்தி எடுக்கும்போது அதே சேலையின் ஒரு பகுதி முன்புறம் முடிச்சிட்ட மடியாகி, வெடித்த காய்களிலிருந்து பறித்த பருத்தியைத் தாங்கிக்கொள்ளும்.

ஆணின் துண்டு வெயிலில் தலைப்பாகையாகவும் களைத்தபோது விரிப்பாகவும் பயன்பட்டது. எனினும் அது தோளில் கிடக்கிறதா, இடுப்பில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதே ஒருவர் நின்ற இடத்தைக் காட்டியது. மேல்சாதியார் முன் துண்டை இடுப்பில் கட்டி நிற்க வேண்டும் என்பது ஒடுக்கப்பட்டோர் மீது சுமத்தப்பட்ட விதி. அருப்புக்கோட்டையும் உட்பட்டிருந்த அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் சிலர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது, சட்டையோ பனியனோ போடக்கூடாது, பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக்கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் இத்தடைகளைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். வெயிலுக்கு ஏற்ற எளிய உடை என்று இப்பகுதியின் பழைய உடையைப் புகழ்வோர், அந்த எளிமை எத்தனை பேர் மீது வலிந்து திணிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

விரும்பி ஏற்ற எளிமை முற்றிலும் வேறானது. 1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்டவர், 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்ததும் கட்டியிருந்த வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டு எஞ்சியதை எறிந்துவிட்டார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடை துறந்து அரைத்துணிக்கு மாறினார். உழவனின் அதே உடை இவ்விருவர் இடுப்பில் துறவாகவும் அரசியலாகவும் போற்றப்பட்டது. ஆனால் 1930இன் தடைகளுக்கு உள்ளானோருக்கு அவ்வாறு தேர்ந்தெடுக்கும் உரிமையே இருக்கவில்லை.

பின்கொசுவமும் ரவிக்கை அணியாத மாராப்பும் இன்று முதிய பெண்கள் சிலரிடமே எஞ்சியுள்ளன. அவர்கள் இருக்கும்போதே கட்டு முறைகளையும், யாருக்கு எது மறுக்கப்பட்டது என்ற நினைவுகளையும் ஊர்தோறும் கேட்டு எழுதிவைப்பது உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களின் உடனடிக் கடமையாகும்.