கூண்டில் ஏறிய புதினம்

ஒரு நூலைப் படித்தவர் தம் உள்ளத்திற் பட்டதை ஒளிக்காமல் உரைத்தல் வேண்டும் என்பர். நூலகத்திலும் நண்பர் நடுவிலும் இஃது எளிது. நீதிமன்றத்தில் உறுதிமொழி கூறி உரைக்க நேர்ந்தால் எவ்வாறிருக்கும்? இலண்டனில் 1960ஆம் ஆண்டில் நடைபெற்ற வழக்கொன்று அதனைக் காட்டுகின்றது.

டி. எச். லாரன்ஸ் இயற்றிய 'சாட்டர்லி சீமாட்டியின் காதலன்' என்னும் புதினம் 1928இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் தனிமுறையாக அச்சாயிற்று. இங்கிலாந்தில் அதனை முழுவடிவில் வெளியிட எவரும் துணியவில்லை. ஆபாசம் எது என்பதற்கு அந்நாட்டு நீதிபதிகள் கைக்கொண்ட அளவுகோல் 1868ஆம் ஆண்டினது: தீமைக்கு எளிதில் வசப்படும் உள்ளங்களை நூல் கெடுக்குமா என்பதே அது. அவ்வுள்ளங்கள் யாருடையவை என்று எவரும் கேட்டிலர். படித்தவர் கருத்துக்கும் இடமில்லை. ராட்கிளிப் ஹால் அம்மையாரின் புதினம் ஒன்றுக்காக 1928இல் சான்றுரைக்க வர்ஜீனியா உல்ப் உள்ளிட்ட எழுத்தாளர் பலர் மன்றத்துக்கு வந்திருந்தும், இலக்கியத் தகுதி பற்றிய சான்றைக் கேட்க நீதிபதி மறுத்துவிட்டார். நூல் அழிக்கப்பட்டது.

1959ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. நூலை முழுமையாகக் கொண்டு மதிப்பிட வேண்டும். அறிஞர் கருத்தையும் கேட்கலாம் என்றது அது. பென்குயின் பதிப்பகத்தார் உடனே லாரன்ஸின் புதினத்தை 2 இலட்சம் படிகள் அச்சிட்டனர். விலை மூன்றரை ஷில்லிங். வழக்கும் வந்தது.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஜூரிமாரை நோக்கி, தம் மனைவியோ பணியாளோ இந்நூலைப் படிக்க விரும்புவீர்களா என்று வினவினார். ஜூரியில் பெண்கள் மூவர் அமர்ந்திருந்ததை அவர் மறந்தார் போலும்! செல்வர் வீட்டு அலமாரியில் இருந்தவரை பொறுக்கப்பட்ட நூல், மலிவு விலைக்கு வந்ததும் குற்றமாயிற்று என்பதை அவ்வினாவே காட்டிவிட்டது.

எதிர்த்தரப்பில் 35 பேர் சான்றுரைத்தனர். ஈ. எம். பார்ஸ்டர் வந்தார், வூல்விச் பிஷப் வந்தார், இருபத்தொரு வயதுப் பட்டதாரிப் பெண்ணொருத்தியும் வந்தாள். இவர்களுள் ரெபெக்கா வெஸ்ட் அம்மையாரின் சாட்சியமே என் நெஞ்சில் நிற்கின்றது. லாரன்ஸுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை, எள்ளி நகைக்கத்தக்க வாக்கியங்கள் இதில் மலிந்துள்ளன என்று ஒப்புக்கொண்ட பின்னரே அவர் இதனை இலக்கியத் தகுதியுடைய நூல் என்றார். மிகைப் புகழ்ச்சியால் ஒரு வழக்கை வெல்வது அரிது. குறையையும் கூறுபவரின் நிறைவுரையை எவரும் நம்புவர். மதிப்புரை எழுதும் நம்மவருள் எத்துணைப் பேர் இதனைக் கடைப்பிடிக்கின்றனர்?

ஜூரிமார் நூலை வீட்டுக்குக் கொண்டுசெல்ல நீதிபதி இசையவில்லை. பன்னிருவரும் மன்றத்தின் அறையிலேயே அமர்ந்து படித்தனர். அறிஞர் அல்லாத, பொது மக்களான படிப்பாளிகள் அவர்களே. நவம்பர் 2ஆம் நாள் மூன்று மணி நேரம் கலந்து ஆய்ந்து, குற்றமில்லை என்றனர். நூல் ஆபாசமன்று என்று எண்ணினரா, ஆபாசமாயினும் இலக்கியத்தின் பொருட்டுப் பொறுக்கலாம் என்று எண்ணினரா? ஜூரி காரணம் கூறுவதில்லை. சான்றோர் முப்பத்தைவர் கருத்தும் பதிவாகியுள்ளது; தீர்ப்பளித்த பன்னிருவர் கருத்து மட்டும் அவ்வறையிலேயே தங்கிவிட்டது.

அதே நூல் இந்தியாவில் வேறு முடிவைக் கண்டது. 1959 டிசம்பரில் பம்பாயில் அதனை விற்ற கடையின் பங்காளிகள் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. வாங்க வந்தவர் காவல்துறை அனுப்பிய போலி வாடிக்கையாளர்! எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் நூலுக்காகச் சான்றுரைத்தார். எனினும் 1964இல் உச்சநீதிமன்றம், நூலின் இலக்கியத் தகுதியையும் எடைபோட வேண்டும் என்று கூறிக்கொண்டே, 1868ஆம் ஆண்டின் அளவுகோலைத் தழுவித் தண்டனையை உறுதி செய்தது. தண்டனை, தலைக்கு 20 ரூபாய் அபராதம்.