ச்சாவ்

இத்தாலியில் நண்பர்கள் சந்திக்கும்போதும் பிரியும்போதும் சொல்லும் சொல். முதன்முறை கேட்கும் தமிழ்க் காதில் ‘சாவு’ என்று விழுந்து திடுக்கிட வைக்கும்.

இதன் பிறப்பிடம் வெனிஸ் வட்டார மொழி. அங்கே ‘ஸ்-ச்சாவோ’ என்றால் அடிமை. ‘நான் உங்கள் அடிமை’ என்ற பணிவுரை தேய்ந்து தேய்ந்து ஒரே சொல்லாயிற்று. அதற்கும் மூலம் ‘ஸ்கிலாவுஸ்’ என்ற இடைக்கால லத்தீன் சொல். ஸ்லாவ் மக்கள் பெருமளவில் அடிமைகளாக விற்கப்பட்டதால், அவர்களின் இனப்பெயரே அடிமைக்குப் பெயராகிவிட்டது. நம் ‘அடியேன்’ பணிவிலேயே நின்றுவிட்டது. ச்சாவ் தோளில் கைபோடும் சொல்லாக மாறிவிட்டது.

பிள்ளையைப் பள்ளியில் விடப்போகும் வெளிநாட்டுப் பெற்றோருக்கு இச்சொல் ஓர் அளவுகோல். வாண்டுகள் யாரிடமும் ச்சாவ் சொல்லலாம். ஆசிரியரிடமும் அறிமுகமில்லாதவரிடமும் பெரியவர்கள் சொன்னால் அது மரியாதைக் குறைவு, அங்கே ‘புவோன்ஜோர்னோ’ என்ற முறையான வணக்கம்தான். இரண்டுக்கும் நடுவே ‘சால்வே’ கைகொடுக்கும். இத்தாலியத்திலும் நீ, நீங்கள் உண்டு: ‘தூ’, ‘லேய்’. பள்ளி வாசலில் தினமும் பார்க்கும் இன்னொரு தாய் ஒருநாள் ‘தியாமொச்சி தெல் தூ’, அதாவது ‘நீ என்றே பேசிக்கொள்வோமே’ என்பாள். மறுநாள் காலை புவோன்ஜோர்னோ போய் ச்சாவ் வந்திருக்கும். இலக்கணம் இன்னும் தடுமாறலாம். ஆனால் ஊரில் ஒரு தோழி கிடைத்துவிட்டாள்.