தேவாங்கு: அறுபது ஆண்டுகள் கண்ணில் படாத உயிர்

மெலிந்து, முழி பெருத்திருக்கும் பிள்ளையைத் "தேவாங்கு மாதிரி" என்று சொல்வது எம்மவர் வழக்கம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் வளரும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியும். விலங்கைத் தெரியாது.

பலரும் நினைப்பதுபோல தேவாங்கு குரங்கல்ல. மடகஸ்காரில் வாழும் லீமர்களுக்கு நெருங்கிய உறவான, இரவில் நடமாடும் சிறு பாலூட்டி. இலங்கையில் இரண்டு இனங்கள் உள்ளன. வன்னிக் காடுகளில் வாழ்வது சாம்பல் தேவாங்கு. ஈரவலய மழைக்காடுகளுக்கு உரியது சிவப்புத் தேவாங்கு. இது உலகில் வேறெங்கும் இல்லை. நிறை கால் கிலோவுக்கும் குறைவு. பூச்சிகளே முக்கிய உணவு.

சிவப்புத் தேவாங்கின் ஒரு துணையினம் ஹோர்ட்டன் சமவெளியை அண்டிய குளிர்ந்த மலைக்காடுகளில் வாழ்கிறது. 1939 இற்குப் பின்னர் 2002 வரை அது எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே கருதப்பட்டது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தினதும் லண்டன் விலங்கியல் சங்கத்தினதும் ஆய்வாளர்கள் இரவிரவாகக் காடுகளில் தேடினர். அவர்கள் எடுத்த படங்கள் 2010 இல் வெளியாகின. அந்த விலங்கை உலகம் படத்தில் பார்த்தது அதுவே முதல் தடவை.

அது அரிதானதற்குக் காரணம் காடழிப்பு. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. தேவாங்கு குரங்குபோலப் பாய்வதில்லை. கிளைக்குக் கிளை பற்றி மெதுவாக நகரும். இடையில் ஒரு வீதி வந்தாலே அதன் வழி அறுந்துவிடும். மின்கம்பியைக் கொடியென்று பற்றி இறப்பனவும் உண்டு. ஆகவே மீதமுள்ள காட்டுத் துண்டுகளை மரங்கள் நட்டு இணைப்பதே முதற்பணி.

தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேயர் நிலம் 2022 இல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இலங்கையில் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் தனியார் காணிகளில் நிற்கும் மரங்களை அச்சட்டம் காப்பதில்லை.

அதன் குரல் கெட்ட சகுனம் என்று கல்லெறிவோர் இன்னும் உள்ளனர். மீள்குடியேறிய ஊர்களில் வளவு துப்புரவாக்கும்போது தேவாங்கைக் கண்டால் பிடிக்க வேண்டாம், விரட்டவும் வேண்டாம். காயப்பட்டிருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

காணவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. தேடியவர்கள் இருந்தபடியால்தான் அந்த உயிர் இன்று கணக்கில் இருக்கிறது.