பெட்டிக்குள் போர் விமானம்: பெரிய அளவு பிளாஸ்டிக் மாதிரிகளின் வரலாறு

பழைய போர் விமானங்களைச் சிறிய உருவில் அப்படியே செய்துகாட்டும் பிளாஸ்டிக் மாதிரிகள் அவற்றின் அளவு விகிதத்தைக் கொண்டு வகை பிரிக்கப்படுகின்றன. உலகில் மிகுதியாகப் புழங்கும் விகிதங்களில் முக்கியமானவை 1/72, 1/48, 1/32, 1/24 ஆகிய நான்கு. இவை அடி, அங்குலக் கணக்கிலிருந்து பிறந்தவை. 1/72 மாதிரியில் ஓர் அங்குலம் விமானத்தின் 6 அடிக்குச் சமம். 1/48-இல் கால் அங்குலமும், 1/24-இல் அரை அங்குலமும் ஓர் அடிக்குச் சமம். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறக்கை அகலம் 11.23 மீட்டர். அது 1/72-இல் ஏறத்தாழ 16 செ.மீ., 1/32-இல் 35 செ.மீ., 1/24-இல் 47 செ.மீ. ஆகிறது. பெரிய அளவு என்று மாதிரிக் கலைஞர்கள் சொல்வது 1/32-ஐயும் 1/24-ஐயும்தான். இரண்டாம் உலகப் போரின் ஒற்றை எஞ்சின் விமானங்கள் உருவில் சிறியவை என்பதால், அவையே இந்த விகிதங்களுக்கு இயல்பாகப் பொருந்தின.

இந்தக் கலை மரத்தில் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஸ்கைபேர்ட்ஸ் என்னும் மர, உலோகத் தொகுப்புகள் (துண்டுகளை இணைத்து மாதிரி செய்வதற்கான பெட்டிகள்) 1/72 விகிதத்தை நிலைநிறுத்தின. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் ஃப்ராக் நிறுவனம் ‘பெங்குவின்’ என்ற பெயரில் வெளியிட்டவையே உலகின் முதல் பிளாஸ்டிக் விமானத் தொகுப்புகள். கிளாடியேட்டர், ஃபியூரி, ஷார்க் ஆகிய விமானங்கள் அவ்வரிசையில் முதலில் வந்தன. செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் அன்றைய பிளாஸ்டிக்கில் அவை வார்க்கப்பட்டன. காலப்போக்கில் வளைந்து நெளியும் குணம் அந்தப் பொருளின் பெருங்குறை.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது மாதிரி விமானம் பயிற்சிக் கருவியாயிற்று. தொலைவில் பறப்பது தம் விமானமா, எதிரியின் விமானமா என்று ஒரு நொடியில் அடையாளம் காணப் படைவீரர்கள் பழக வேண்டியிருந்தது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்கள் 1/72 அளவில் 5 லட்சம் மர மாதிரிகளைச் செய்து தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டது. நிழலுருவே முக்கியம் என்பதால் அவற்றுக்குக் கருநிறம் பூசப்பட்டது. விமானங்களின் வடிவத்தைக் கையால் அறிந்த ஒரு தலைமுறை இப்படி உருவாயிற்று.

போருக்குப் பிந்தைய தொழிலை மாற்றியது பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக். அது சூட்டில் இளகி அச்சின் நுண்ணிய வரிகள் வரை பாயும், ஆறியதும் உருக்குலையாமல் நிற்கும். மாதிரிக்கான பசை அதன் மேற்பரப்பைச் சற்றே கரைத்து, இரு துண்டுகளையும் ஒரே பொருளாக இணைத்துவிடும். ஹங்கேரியிலிருந்து லண்டனில் குடியேறிய நிக்கோலஸ் கோவ் 1939-இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ், முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகளையும் பிறகு சீப்புகளையும் செய்தது. 1952-இல் வுல்வொர்த் கடைகளுக்காக ‘கோல்டன் ஹைண்ட்’ என்ற கப்பலின் தொகுப்பைப் பையில் அடைத்து 2 ஷில்லிங்குக்கு விற்றது. பின்னர் வந்த அதன் முதல் ஸ்பிட்ஃபயரில் உருவப் பிழைகள் பல இருந்தன. ஆனாலும் சிறுவர்கள் கைக்காசில் வாங்கக்கூடிய பொருளாக அது இத்தொழிலை வளர்த்தது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ரெவெல், சிகாகோவின் மோனோகிராம் ஆகிய நிறுவனங்கள் இதே காலத்தில் தலையெடுத்தன.

1960களின் பிற்பகுதியில் ரெவெல் 1/32 அளவில் போர் விமான வரிசை ஒன்றைத் தொடங்கியது. ஸ்பிட்ஃபயர், ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109, ஜப்பானின் ஜீரோ, அமெரிக்காவின் கோர்சேர் முதலியவை அதில் இடம்பெற்றன. 1970-இல் ஏர்ஃபிக்ஸ் தன் 1/24 ஸ்பிட்ஃபயரை ‘சூப்பர்கிட்’ என்ற பெயரில் வெளியிட்டது. எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளே மெர்லின் எஞ்சின் தெரியும். தொடர்ந்து மெஸ்ஸர்ஷ்மிட் 109, மஸ்டாங், ஹரிக்கேன், ஸ்டூக்கா என அவ்வரிசை நீண்டது. அதுவரை விமானத்தின் வெளியுருவைக் காட்டிய மாதிரி, அதன் இயந்திர அமைப்பையும் காட்டத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

பெரிய அளவு என்பது சிறியதைப் பெருக்கிக் காட்டுவது மட்டுமன்று. 1/72-இல் விமானி அமரும் அறையில் ஓர் இருக்கையும் ஒரு கைப்பிடியும் இருந்தால் போதும். 1/24-இல் அளவீட்டுக் கருவிகளின் முகப்பு, கம்பிகள், இருக்கை வார், சக்கரக் குழியின் குழாய்கள் என எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தவறும் அதே அளவு தெரியும். இதனால் அச்சு செய்பவரின் உழைப்பும் செலவும் பன்மடங்காயின. எஃகு அச்சைக் கடைவதற்கு முன் மரத்திலோ பிசினிலோ பெரிய மூலவடிவம் செய்யப்பட்டது. அதன் மேற்பரப்பைத் தடவிச் செல்லும் பாண்டோகிராஃப் கருவி அதே வடிவத்தைச் சுருக்கி அச்சில் செதுக்கியது. அக்கால மாதிரிகளில் தகட்டு விளிம்புகளும் ரிவெட்டுகளும் மேற்பரப்பில் புடைத்து நின்றன. உண்மை விமானத்தில் தகடுகள் சேருமிடம் பெரும்பாலும் நுண்ணிய பள்ளம்தான். அதைப் பள்ளமாகவே வார்க்கும் வழக்கம் பின்னர் பொதுவாயிற்று.

செய்முறையின் ஒழுங்கு கடந்த அரை நூற்றாண்டில் பெரிதும் மாறவில்லை. துண்டுகளை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களிலிருந்து வெட்டியெடுத்து, வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்ப்பது முதல் வேலை. உடற்பகுதியின் இரு பாதிகளை ஒட்டிய பின் கை உள்ளே நுழையாது என்பதால், விமானி அறைக்கு முதலிலேயே வண்ணம் பூசி முடிக்கவேண்டும். பிறகு இறக்கை, வால் ஆகியவற்றைப் பொருத்தி, இணைப்புக் கோட்டைப் பட்டியால் நிரப்பித் தேய்ப்பார்கள். கண்ணாடிக் கூட்டைத் தாளால் மறைத்து, காற்றழுத்தத் தூரிகையால் மெல்லிய பூச்சுகளாக வண்ணம் ஏற்றுவார்கள். நீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் டெக்கால்கள் படைப்பிரிவு எழுத்துகளையும் தேசக் குறிகளையும் தருகின்றன. கடைசியில் எண்ணெய்க் கசிவு, புகைக்கரி, உரிந்த வண்ணம் ஆகிய உழைப்பின் அடையாளங்கள் சேர்க்கப்படும். பழைய புகைப்படங்களைக் கூர்ந்து பார்க்காமல் இக்கடைசிக் கட்டத்தைச் சரியாகச் செய்ய முடியாது.

இத்தொழிலை உச்சத்துக்குக் கொண்டுசென்றது ஜப்பான். ஷிசுவோகா நகரம் மரவேலைக்குப் பெயர்பெற்றது. ஹாசெகாவாவும் டாமியாவும் அங்கே மரப் பொருள்களிலிருந்து வளர்ந்த நிறுவனங்கள். 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கிய டாமியா, 1960-இல் முதல் பிளாஸ்டிக் தொகுப்பாக ‘யமாட்டோ’ போர்க்கப்பலை வெளியிட்டது. அதே நிறுவனம் 1/32 அளவில் 2000-இல் ஜீரோவையும், 2009-இல் ஸ்பிட்ஃபயரையும், 2011-இல் மஸ்டாங்கையும், 2013-இல் கோர்சேரையும் கொண்டுவந்தது. ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் மூடிகளைச் சிறு காந்தங்கள் பிடித்துநிற்கும். கழற்றினால் எஞ்சின் தெரியும், மாட்டினால் இணைப்பு தெரியாது. கணினி வரைவும் கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரமும் இந்தத் துல்லியத்தைச் சாத்தியமாக்கின.

இடைப்பட்ட காலத்தில் மேற்கத்திய நிறுவனங்கள் பல சரிந்தன. ஃப்ராக் 1976-இல் மூடப்பட்டது. அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது. ஜெர்மன், ஜப்பான் விமானங்களின் அச்சுகளைச் சோவியத் தரப்பு ஏற்காததால் அவை ரெவெலுக்குப் போயின. ஏர்ஃபிக்ஸ் 1981-இல் நொடித்து, கைமாறி, 2006-இல் ஹார்ன்பி நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. நிறுவனங்கள் மறைந்தாலும் எஃகு அச்சு எளிதில் அழிவதில்லை. ஒருவர் செதுக்கிய வடிவம் பல பதிற்றாண்டுகளுக்குப் பிறகு வேறொரு நாட்டில், வேறொரு பெட்டியில் திரும்ப வருவது இத்தொழிலில் வழக்கம்.

புதிய நூற்றாண்டில் வாங்குபவர்களும் மாறினார்கள். சிறுவயதில் ஏர்ஃபிக்ஸ் ஒட்டியவர்கள் நடுவயதில் திரும்பி வந்தார்கள். விலையைவிடத் துல்லியத்தையே அவர்கள் கேட்டார்கள். திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் உருவாக்கிய விங்நட் விங்ஸ், 2009-இலிருந்து முதல் உலகப் போரின் விமானங்களை 1/32 அளவில் வெளியிட்டது. அக்காலப் புகைப்படங்கள் நிறைந்த அதன் செய்முறைக் கையேடுகள் ஆய்வு நூல்களைப் போல மதிக்கப்பட்டன. 2020-இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. ஜப்பானின் சோகெய் முரா, எலும்புச் சட்டம் தொடங்கி உள்ளிருந்து வெளியே கட்டும் முறையை 1/32-இல் அறிமுகப்படுத்தியது. சீனாவின் டிரம்பீட்டர் பெரிய அளவில் பல விமானங்களைச் சேர்த்தது. ஏர்ஃபிக்ஸும் மீண்டும் 1/24-க்குத் திரும்பி மொஸ்கிட்டோ, டைஃபூன், ஹெல்கேட் ஆகியவற்றைப் புதிய அச்சுகளில் தந்தது.

இந்த மாதிரிகளின் மதிப்பைப் பொழுதுபோக்கு என்ற அளவில் நிறுத்திவிட முடியாது. டைஃபூன் விமானங்கள் 3,300-க்கும் மேல் கட்டப்பட்டன. முழுதாக எஞ்சியிருப்பது பிரிட்டனின் அரச விமானப்படை அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான ஒன்றுதான். மற்றவை போரில் அழிந்தன, அல்லது போருக்குப்பின் பழைய உலோகமாக உருக்கப்பட்டன. பெரும்பாலான போர் விமானங்களின் கதையும் இதுவே. எஞ்சியவற்றை அளந்து, வரைபடங்களையும் புகைப்படங்களையும் ஒப்பிட்டு உருவாக்கப்படும் ஒரு நல்ல 1/24 தொகுப்பு, அந்த இயந்திரம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை ஒவ்வொரு துண்டாகக் கற்றுத்தருகிறது. ஒரு விமானத்தின் அமைப்பை ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை அருங்காட்சியகமோ நூலோ தனியாகச் செய்துவிட முடியாது. அதைச் செய்தவை இந்தப் பெட்டிகள்.