கடலிலும் கரையிலும்: வைஸ் அட்மிரல் கட்டாரி

கடற்படை என்றவுடன் கடாரம் வென்ற இராசேந்திர சோழனை நினைவுகூர்வது தமிழர் இயல்பு. ஆயின், விடுதலை பெற்ற பாரதத்தின் கடற்படைக்கு முதன்முதலில் தலைமை ஏற்ற இந்தியர் யார் என வினவின், விடை கூறுவோர் மிகச் சிலரே. அவர்தாம் வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. 1911ஆம் ஆண்டு செங்கற்பட்டில் பிறந்தவர், ஐதராபாத்தில் பயின்றவர். பிறந்த ஊர் ஒன்றையே கொண்டு அவரை நமக்கு மட்டும் உரியவராக்கிக்கொள்ளுதல் பொருந்தாது. சென்ற ஊரையெல்லாம் தம் ஊராகக் கருதிக் கடமையாற்றியவர் அவர்.

அவர் இளைஞராயிருந்த காலத்தில் கடற்படை அதிகாரிப் பதவி இந்தியர்க்கு எட்டாக்கனி. 1927இல் வணிகக் கப்பல்களுக்கு இந்திய அலுவலர்களை ஆயத்தம் செய்ய, பம்பாயில் 'டஃப்ரின்' என்னும் பயிற்சிக் கப்பல் தொடங்கப்பெற்றது. அதன் முதல் அணி மாணவருள் கட்டாரியும் ஒருவர். பின்னர்க் கல்கத்தாவில், மணல்மேடுகள் ஓயாது இடம் மாறும் ஹூக்ளி ஆற்றில் பணிபுரிந்தார். 1939இல் உலகப் போர் மூண்டபோது தன்னார்வச் சேமப்படையின் வழியாகவே கடற்படையுள் நுழைந்தார். தலைவாயில் அடைபட்டிருந்த வீட்டில் பக்கவாயில் வழியே புகுந்தவர், பின்னாளில் அவ்வீட்டின் தலைவரானார்!

தரைப்படைக்கு 1949இல் கரியப்பாவும், விமானப்படைக்கு 1954இல் சுப்ரதோ முகர்ஜியும் தலைமை ஏற்றனர். கடற்படையோ 1958 ஏப்ரல் வரை ஆங்கிலேயர் தலைமையிலேயே இருந்தது. கலம் செலுத்தி, கடற்பிரிவுகளை நடத்தித் தேர்ச்சி பெற நெடுங்காலம் வேண்டும். போருக்கு முன் அதிகாரிகளாகச் சேர்க்கப்பெற்ற இந்தியரோ மிகச் சிலர். குறைவுபட்டது நம்மவர் திறமையன்று, அவர்க்கு அளிக்கப்பெற்ற வாய்ப்பே என்பதைக் கட்டாரியின் வாழ்வு மெய்ப்பித்தது. அவர் தலைமை தாங்கிய காலத்திலேதான், 1961இல், நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்' பம்பாய் வந்தடைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கோவா விடுதலை நடவடிக்கையில் கடற்படையும் பங்கேற்றது. அஞ்சதீவைக் கைப்பற்றும் முயற்சியில் மாலுமியர் எழுவர் இன்னுயிர் ஈந்தனர்.

1962இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஆந்திர மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் தலைவரானார். போர்க்கப்பல்களை நடத்தியவர்க்குப் பேருந்துகளை நடத்துவதும் மக்கட்பணியாகவே தோன்றிற்று. பின்னர், 1964 முதல் 1969 வரை பர்மாவில் இந்தியத் தூதராக விளங்கினார்.

அவ்வாண்டுகளை நம் குடும்பங்கள் பல மறந்திரா. 1964இல் பர்மிய அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தமிழர் உள்ளிட்ட இந்தியர், ஈட்டிய பொருளை விட்டுவிட்டு இலட்சக்கணக்கில் கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜார் அத்துயரின் வாழும் சான்று. அக்கடினமான காலத்தில் இரங்கூனில் இந்தியாவின் சார்பாக நின்றவர், கடலின் சீற்றத்தைக் கண்டறிந்த ஒரு மாலுமி.

தம் வாழ்க்கை நினைவுகளை நூலாகவும் எழுதிய கட்டாரி 1983இல் மறைந்தார். செங்கற்பட்டு, ஐதராபாத், பம்பாய், கல்கத்தா, தில்லி, இரங்கூன் என நீண்டது அவர் பயணம். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாம், 'நம் ஊர் எது?' என்று நம் பிள்ளைகள் கேட்கும்போது விடை தேடித் தடுமாறுகிறோம். உழைத்த ஊரும் நம் ஊரே என்பதற்கு இப்பெருமகனின் வாழ்வினும் சிறந்த சான்று வேண்டுமோ?